ட்ரெய்லரில் வந்த தம்பி

1

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் விடுப்பு கேட்கும்போது காரணத்தைக் குறிக்க நாலைந்து கட்டங்கள் இருக்கும். உடல்நலம், குடும்பம், துக்கம், சமயம், மற்றவை. 'மற்றவை' என்று போட்டால் விளக்கம் எழுத வேண்டும். 'எங்கள் நடிகரின் படம் வெளியாகிறது, முதல் காட்சிக்குப் போக வேண்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது. அழித்துவிட்டு 'சமயம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். என்னை அறிந்தவர்கள் யாரும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

படம் தள்ளிப்போனது. தேதியை மாற்றிக் கேட்டேன். மறுபடியும் தள்ளிப்போனது. அதற்கடுத்த முறை மேலாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மிகுந்த அக்கறையுடன் கேட்டார்: "உங்கள் பண்டிகையின் தேதியை யார்தான் முடிவு செய்கிறார்கள்?"

தயாரிப்பாளர் என்று சொல்ல நாக்கு துடித்தது. "நிலாவைப் பொறுத்தது" என்றேன். பாவம், மரியாதையோடு தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

நடிகரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு என்னோடு சண்டைக்கு வருவீர்கள். எங்கள் குப்பத்தில் சொல்வதுபோல 'நம்மாளு' என்றே வைத்துக்கொள்வோம்.

2

பழவேற்காடு கலங்கரை விளக்கத்தை ஒட்டிய மீனவக் குப்பத்தில் பிறந்தவள் நான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏரி. நர்சிங் படித்து, சென்னையில் வேலை பார்த்து, கல்யாணமாகி, கணவரோடு நியூசிலாந்து வந்து சேர்ந்தேன். ஆக்லாந்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். இங்கே மாடுகள் அதிகம், மனிதர்கள் குறைவு, விசில் அடிப்பவர்கள் அறவே கிடையாது.

ஊரை நினைத்து உருகும் கட்டுரைகளை நானும் படிக்கிறேன். எனக்கு அப்படி உருக்கம் வருவதில்லை. ஊரில் இருந்தவரை ஒரு படத்தைக்கூட நான் முதல் நாள் பார்த்ததில்லை. முதல் நாள் ஆண்களுக்கு. அவர்கள் பொன்னேரிக்குப் போய், சட்டை கிழிந்து, தொண்டை கட்டித் திரும்புவார்கள். கூட்டம் ஓய்ந்த பிறகு, ஏதாவது ஒரு பகல் காட்சிக்கு எங்களைக் கூட்டிப்போவார்கள். அதற்குள் என் தம்பி தேசப்பன் முழுக் கதையையும் நடித்தே காட்டியிருப்பான். முதல் நாள் முதல் காட்சி என்ற ஒன்றை நான் அனுபவித்ததே கடல் கடந்து வந்த பிறகுதான். அன்று தியேட்டரில் நான் அடித்த விசிலுக்கு என் கணவர் நாற்காலியில் சரிந்து ஒளிந்துகொண்டார்.

தம்பியை வீட்டில் தேசு என்போம். அவன் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறான். ஆண்களாய் நிறைந்த குழுவில் நான் ஒருத்திதான் பெண். அங்கே அரசியல் கிடையாது, குட் மார்னிங் கிடையாது. வரப்போகும் படங்கள் மட்டும்தான். இப்போதெல்லாம் ஒரு படத்துக்கு முன்னால் எத்தனை வருகின்றன! தலைப்பு அறிவிப்பு வரும் என்று ஓர் அறிவிப்பு. பிறகு தலைப்பு. முதல் பார்வை, டீசர், பாட்டு, ட்ரெய்லர். கல்யாணத்தைவிட நிச்சயதார்த்தங்கள் அதிகம்.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. ட்ரெய்லர் வந்தால், கடலுக்குப் போன படகுகள் கரை சேரும்வரை யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கடலுக்குள் போனால் சிக்னல் இருக்காது. அங்கே இருப்பவன் பங்கை இங்கே இருப்பவன் தின்னக் கூடாது என்பது தேசுவின் வாதம். கடைசிப் படகு வந்ததும் ஒருவன் 'கரை' என்று போடுவான். அதன் பிறகு பாருங்கள்.

"உங்காளு இந்த வாட்டியும் ஸ்லோமோஷன்லயே நடந்துகினு கீறாரு. படம் முடியறதுக்குள்ள வூடு போய்ச் சேருவாரா?" என்று ஆரம்பிப்பான் குமார். தேசுவின் உயிர்த் தோழன். ஆனால் எதிர் நடிகரின் ரசிகன்.

"உங்காளு போன படத்துல ட்ரெய்லரு சூப்பர்டா. அத்தோட நிறுத்தியிருக்கலாம்" என்பான் தேசு.

"அக்கா, கேட்டியா உன் தம்பி பேசறத?"

நடுவில் நான் புகுந்து, பின்னணியில் தெரியும் சுவர்க் கடிகாரத்தை வைத்து வில்லன் உண்மையில் அண்ணன்தான் என்று ஒரு கணிப்பு சொல்வேன். பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. முதியவர்களுக்கு மாத்திரை கொடுத்து, படுக்கை மாற்றி, பேருந்தில் வீடு திரும்பும் வழியில் இந்தச் சண்டைகளைக் கேட்டுக்கொண்டு வருவதுதான் என் நாளின் நல்ல பகுதி.

என் மகள் மித்ராவுக்கு இதெல்லாம் புரியாது. அவள் ட்ரெய்லர்களை இரண்டு மடங்கு வேகத்தில் பார்ப்பவள். "ஃபுல் ஸ்டோரியும் இதுலயே வந்துடுச்சேம்மா. அப்புறம் எதுக்கு மூவி?" என்பாள். அவளோடு தியேட்டருக்குப் போனால், பாப்கார்னோடு என்னிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்காருவாள். நான் கத்தினால் எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்று மற்றவர்கள் நினைக்க வேண்டுமாம்.

3

அப்படியிருக்க, நம்மாளே எங்கள் ஏரிக்கு வந்தார்.

புதிய படத்தில் அவர் சில நாட்கள் ஏரித்தீவில் ஒளிந்திருப்பதாகக் கதை. படப்பிடிப்புக்குப் படகுகளை வாடகைக்கு எடுத்தார்கள். எங்கள் ஏரி ஆழம் குறைந்தது. கழியை ஊன்றித்தான் படகைத் தள்ள வேண்டும். நம்மாளை உட்கார வைத்துக் கழி ஊன்ற ஓர் ஆள் தேவைப்பட்டது. தேசு போய் நின்றான். அவன் முகம் பிடித்துப்போய் இயக்குநர் ஒரு வசனமும் கொடுத்தார்.

"காத்து திரும்பிடுச்சு சார். கரைக்குப் போய்டலாம்."

அவ்வளவுதான் வசனம். அன்றிலிருந்து குழுவில் யாரும் யாருக்கும் வணக்கம் சொன்னதில்லை. எல்லாருக்கும் காத்து திரும்பிவிட்டது. நான் சும்மா போன் செய்தாலும், "இன்னாக்கா, காத்து திரும்பிடுச்சா?" என்றுதான் எடுப்பான்.

ட்ரெய்லர் வெளியான அன்று நான் பணியில் இருந்தேன். சாப்பாட்டு இடைவேளையில் கழிப்பறைக்குள் நின்று பார்த்தேன். சண்டை, கார், அழுகிற பெண், நெருப்பு. நடுவில் ஏரி. நம்மாளுக்குப் பின்னால், கழியோடு நிமிர்ந்து நின்று, வாயைத் திறக்கிறான் என் தம்பி. குரல் வருவதற்குள் அடுத்த காட்சி. கண் சிமிட்டினால் போய்விடும். நான் சிமிட்டவில்லை. வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்து, ஊரில் யாராவது தவறிவிட்டார்களா என்று சக ஊழியை கேட்டாள்.

அன்று கடைசிப் படகு வரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. 'கரை' என்று வந்ததும் என் போன் மேசையின் மீது துள்ளத் தொடங்கியது. அந்த ஒரு சட்டகத்தை நிறுத்தி, பெரிதாக்கி, வட்டம் போட்டு அனுப்பினார்கள். குமார் மட்டும், "ட்ரெய்லர்ல வர்றதெல்லாம் படத்துல வராதுடா மச்சான், உசாரா இரு" என்றான். எல்லா ரசிகர்களும் எல்லாப் படத்துக்கும் சொல்வதுதான். ஆனாலும் தேசு அவனைக் குழுவிலிருந்து நீக்கி, மறுநாள்தான் சேர்த்துக்கொண்டான்.

மித்ராவுக்குக் காட்டினேன். இந்த ஒரு முறை வேகத்தைக் கூட்டாமல் பார்த்தாள். "தேசு மாமா இப்போ ஃபேமஸா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

4

கடைசியாக அறிவித்த தேதி எங்கள் வீட்டுப் பாடு நாளில் வந்து விழுந்தது.

ஏரியில் இறால் பிடிக்கும் நல்ல இடங்களைப் பாடு என்போம். எந்த வீடு எந்த நாள் அங்கே வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும். நமக்கு முறை வந்த நாளில் போகாவிட்டால் போனதுதான். அடுத்த சுற்று வரும்வரை வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதனால் பாடு நாளில் எங்கள் வீடுகளில் கல்யாணம்கூட வைப்பதில்லை. தேசு இளவட்டமாக இருந்தபோது ஒருமுறை நம்மாளு படத்துக்காகப் பாட்டை விட்டுவிட்டு ஓடினான். எங்கள் அப்பா, நைனா என்போம், அவனை அடிக்கவில்லை. அடுத்த பாடு வரும்வரை அவனோடு பேசவில்லை, அவ்வளவுதான். அதற்கு அடியே தேவலை என்றான் தேசு. நைனாவுக்கு சினிமா என்றால் 'சோம்பேறிங்க சோறு'.

அதே நைனா இந்த முறை பாட்டை அடுத்த வீட்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். நான் நம்பாமல் போன் செய்து கேட்டேன்.

"பாடு மறுபடியும் வரும்மா. எம் புள்ள மறுபடி படத்துல வருவானா?" என்றார்.

வேன் பேசியாகிவிட்டது. தம்பி மனைவி மல்லிகா, அவள் பிறந்த வீட்டார், குப்பத்துப் பெண்கள் எல்லாரும் முதல் நாளே போகிறார்கள். நைனா புதுச் சட்டை வாங்கியிருக்கிறார். அச்சடித்த பேனரில் நம்மாளு பெரிதாக, ஓரத்தில் தேசு சிறிதாக. அதைப் பார்த்துவிட்டு எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. நான் ஊரைவிட்டு வந்த பிறகுதானா இவர்களுக்குப் பெண்களையும் முதல் காட்சிக்குக் கூட்டிப்போகத் தோன்றுகிறது?

5

நியூசிலாந்தில் பொழுது முதலில் விடியும். அதனால் குப்பத்தில் கோழி கூவுவதற்குள் நான் படம் பார்த்து முடித்திருப்பேன். வெளிநாட்டில் இருப்பதால் கிடைக்கும் ஒரே பெருமை இது. ஊரில் சாவு விழுந்தால் எனக்குக் கடைசியாகத்தான் சொல்வார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது 'சும்மா காய்ச்சல்' என்றார்கள். டிக்கெட் போட்டுப் போய்ச் சேர்ந்தபோது சுவரில் படமாகிவிட்டிருந்தாள். தூரத்தில் இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தியை அரைத்து, வடிகட்டி, தண்ணீர் கலந்துதான் கொடுப்பது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சினிமா ஒன்றில்தான் நான் முந்திக்கொள்வேன். பார்த்துவிட்டு வந்து கதை சொல்ல மாட்டேன். குழுவில் ஒரே ஒரு வார்த்தை போடுவேன். அதற்காக அங்கே காத்துக்கிடப்பார்கள்.

அன்று காலைக் காட்சி. வேலை நாள் என்பதால் கூட்டமில்லை. நான் நடு வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். நம்மாளு வந்தார், விசில் அடித்தேன். ஏரி வந்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். நம்மாளு படகில் இருக்கிறார். பாட்டு ஓடுகிறது. அவர் முகம், தூரத்துப் பறவைகள், மறுபடி அவர் முகம். பாட்டு முடிந்தது. சென்னை வந்துவிட்டது. பிறகு வருமாக்கும் என்று இருந்தேன். பழைய நினைவாகக் காட்டுவார்களோ என்று இருந்தேன். கடைசியில் பெயர்கள் ஓடும்போதும் எழுந்திருக்கவில்லை. துடைப்பத்தோடு வந்த பையன் என்னைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனான்.

தேசு இல்லை. வசனம் இல்லை, முகம் இல்லை. வெட்டிவிட்டார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு போனைத் திறந்தேன். 'எப்டிக்கா?' 'சொல்லுக்கா.' 'ஒரே வார்த்தை.' வேனில் பேனர் கட்டும் படம். புதுச் சட்டையில் நைனா, பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் எடுத்ததுபோல விறைப்பாக நிற்கிறார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். இயக்குநரின் வீட்டு விலாசம் தெரிந்திருந்தால் அன்றே விமானம் ஏறியிருப்பேன். அதன் பிறகு பயம் வந்தது. இந்த உலகத்தில் எங்கள் குப்பத்து ஆட்களில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்லாவிட்டால், அத்தனை பேர் நடுவில், மாமனார் வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் தம்பி தன்னைத் தேடிக்கொண்டிருப்பான். சொன்னால், வேன் கிளம்புவதற்கு முன்பே அவன் முகம் செத்துவிடும். நல்ல வார்த்தையாகப் போட்டுவிட்டுப் போனை அணைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். 'சும்மா காய்ச்சல்' என்று சொன்னவர்களும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று தோன்றியது. அதற்காக அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தேசுவின் எண்ணுக்கு அடித்தேன். எடுத்தவர் நைனா.

"அவன் வேன் மேல ஏறிகினு பேனர் கட்டறான். இன்னாமா, படம் பாத்தியா? தம்பி எப்டிக் கீறான்?"

"நைனா, தம்பி படத்துல இல்ல. வெட்டிட்டாங்க."

மேளச் சத்தம் தள்ளிப்போனது; போனோடு கூட்டத்தைவிட்டு விலகி நடந்திருக்கிறார்.

"நீ முழுசா பாத்தியா? நடுவுல தூங்கிட்டியா?"

"கண்ணக்கூட சிமிட்டல நைனா."

"ம்."

"வேன நிறுத்திடு நைனா. நீயாச்சும் ஏரிக்குப் போ."

"பாட்ட அடுத்த வூட்டுக்குக் குடுத்தாச்சு. குடுத்தத எந்த வாயால திருப்பிக் கேக்கறது?" பிறகு, "நீ யார்கிட்டயும் சொல்லாத. நான் பாத்துக்கறேன். நீ சாப்புட்டியா?" என்றார்.

குழுவில் 'நல்லாருக்கு' என்று போட்டேன். படம் நன்றாகத்தான் இருந்தது. அது வேறு வயிற்றெரிச்சல்.

6

மிச்சத்தை மல்லிகா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவரை நான் வீட்டில் எதையெல்லாம் துடைத்தேன் என்று கேட்காதீர்கள்.

வேன் திருப்பாலைவனத்தில் டீ குடிக்க நின்றிருக்கிறது. நைனா தேசுவை வேனுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கிறார். சுற்றி வளைக்கவில்லையாம். "உன்ன வெட்டிட்டானுங்கடா. அக்கா பாத்துட்டு சொன்னா." மல்லிகா டீயைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறாள்.

தேசு சாலையைப் பார்த்திருக்கிறான். "நான் பஸ் புடிச்சு வூட்டுக்குப் போறேன் நைனா. வயித்து வலினு சொல்லிடு."

"வல காலியா வந்தா, படகுலேர்ந்து குதிச்சு நீ மட்டும் நீந்தியாடா வூட்டுக்குப் போவ? எல்லாரும் ஒண்ணாதான் கரைக்கு வரோம். ஏறு."

ஏறியிருக்கிறான்.

"அண்ணி, தியேட்டர்ல எனக்கு உசுரே இல்ல" என்றாள் மல்லிகா. "திரையில ஒரு படகு வந்தாப் போதும், நம்ம ஜனம் மொத்தமும் தேசு தேசுனு கத்துது. அப்புறம் அப்டியே அடங்குது. இவரு தலைய குனிஞ்சிகினு ஒக்காந்துகீறாரு. மாமா பக்கத்துலயே."

பாட்டு வந்திருக்கிறது. நம்மாளு படகில் போகிறார். எல்லாரும் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். "தேசு எங்கடா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டிருக்கிறான். யாரோ சிரித்திருக்கிறார்கள்.

அப்போது நைனா எழுந்து நின்றிருக்கிறார். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து. ஏரியில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கூப்பிடும் குரல் அவருக்கு.

"டேய்! அந்தாளு கையில கழி கீதா? படகு தானா போவுதா? எம் புள்ள தள்ளறான்டா! எம் புள்ள தள்ளிகினு போறான், அவரு ஒக்காந்துகினு போறாரு!"

பிறகு ஒரு விசில். அடித்தவன் குமார். நம்மாளு படத்துக்கு அவன் ஜென்மத்தில் அடித்த முதல் விசில். அதன் பிறகு குப்பமே எழுந்து நின்றுவிட்டது. எந்தக் காட்சிக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று புரியாமல் பொன்னேரிக்காரர்களும் கூடச் சேர்ந்து கத்தியிருக்கிறார்கள். டார்ச் அடித்துக்கொண்டு வந்த தியேட்டர்க்காரரிடம் நைனா, "படகு ஓட்டறது எம் புள்ள" என்று மறுபடியும் விளக்கியிருக்கிறார்.

"தேசு இன்னா பண்ணான்?" என்று கேட்டேன்.

"மாமா கையப் புடிச்சி மூஞ்சில வச்சிகினாரு அண்ணி. அழுதாரா சிரிச்சாரானு இருட்டுல தெரியல. நான் அழுதேன்."

7

எனக்கு ஒன்று உறுத்தியது. அந்தப் பாட்டை நானும்தான் பார்த்தேன். முகத்தையே தேடிக்கொண்டிருந்ததில் படகைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மித்ராவைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனேன். வழக்கம்போல இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். அங்கங்கே சில தலைகள். பாட்டு வந்தது. நம்மாளு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தூரத்தைப் பார்க்கிறார். இந்த முறை நான் தண்ணீரைப் பார்த்தேன். ஓர் ஊன்றல், படகு முன்னால் போகிறது. இன்னோர் ஊன்றல். ஒவ்வொன்றுக்கும் நம்மாளுடைய தோள் லேசாகப் பின்னால் சாய்ந்து நிமிர்கிறது. அவருக்கே அது தெரிந்திருக்காது.

எழுந்து நின்று, "எந்தம்பிடா!" என்று கத்தினேன். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

மித்ரா குனிந்தபடி என் பக்கத்து நாற்காலிக்கு வந்து சேலையைப் பிடித்து இழுத்தாள். "உட்காரும்மா. மாமா எங்க? நான் பாக்கலையே."

"அவரு ஒக்காந்துகீறாருல்ல, அந்தப் படகு போவுதா, நிக்குதா?"

திரையைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"போகுது."

"அப்போ கத்து" என்றேன்.

கத்தினாள்.